பனி தின்னும் காற்று

"சார், பனி கொட்டுற ஊர்ல தீப்பிடிக்குமா?"

ஆல்ப்ஸ் மலையைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தபோது ஐந்தாம் ஆண்டு மாணவன் ஒருவன் கேட்டான். நல்ல கேள்வி. அவனுக்குச் சொன்னதை வாசகர்களுக்கும் சொல்கிறேன்.

சுவிட்சர்லாந்தில் 'ஃபோன்' என்றொரு காற்று உண்டு. தொலைபேசி என்று எண்ணிவிடாதீர்கள்! ஜெர்மன் மொழியில் தலைமுடி உலர்த்தும் கருவிக்கும் இதே பெயர்தான். காரணம் இருக்கிறது. தெற்கிலிருந்து வரும் ஈரக் காற்று மலையில் ஏற ஏறக் குளிர்ந்து, சுமந்து வந்த நீரையெல்லாம் அந்தப் பக்கமே மழையாகவும் பனியாகவும் கொட்டிவிடுகிறது. மேகம் உண்டான பிறகு 100 மீட்டர் ஏறினால் சுமார் அரை டிகிரிதான் குளிரும். உச்சியைத் தாண்டி வறண்டு இறங்கும்போதோ 100 மீட்டருக்கு ஏறக்குறைய 1 டிகிரி சூடேறும். ஆகவே வடபுறப் பள்ளத்தாக்கில் சில மணி நேரத்திலேயே 10 டிகிரிக்கு மேல் வெப்பம் ஏறிவிடுவதுண்டு. வசந்த காலத்தில்தான் இதன் ஆட்டம் அதிகம்.

1861 மே 10ஆம் தேதி இரவு கிளாருஸ் என்னும் ஊரில் இந்தக் காற்று பலமாக வீசியது. எங்கோ பற்றிய தீ, காய்ந்து கிடந்த பலகைக் கூரைகளில் தாவித் தாவிப் பரவியது. ஏறக்குறைய 600 கட்டடங்கள், அதாவது ஊரில் மூன்றில் இரண்டு பங்கு, சாம்பலாயின. பலகைச் சுவர் லயங்களில் விறகடுப்பு எரித்தவர்களுக்கு அந்தப் பயத்தை நான் விளக்க வேண்டியதில்லை.

பிறகு அகன்ற, நேரான தெருக்களோடு ஊரைப் புதிதாகக் கட்டினார்கள். ஃபோன் வீசும் இரவுகளில் காவலர்கள் தெருத்தெருவாகச் சுற்றிவருவது பல மலையூர்களில் வழக்கமாயிருந்தது. வெளியில் புகைபிடிக்கக் கூடாது. சில இடங்களில் வீட்டு அடுப்பையே அணைத்துவிட வேண்டும். பிள்ளைக்குப் பால் காய்ச்சக்கூட முடியாமல் தாய்மார்கள் என்ன பாடுபட்டார்களோ! இன்றும் அந்தக் காற்று வீசும் நாளில் வெட்டவெளியில் தீமூட்டத் தடை போடுகிறார்கள்.

ஆனாலும் குடியானவர்கள் அதை வெறுப்பதில்லை. வெயில் பல நாள் காய்ந்து உருக்கும் பனியை ஃபோன் ஓரிரு நாளில் தின்றுவிடும். புல்வெளி சீக்கிரம் தலைகாட்டும். குளிர்காலம் முழுதும் தொழுவத்தில் வைக்கோல் தின்ற மாடுகளுக்குப் பச்சைப்புல் கிடைக்கும். இலையுதிர் காலத்தில் வீசினால் ரைன் ஆற்றுப் பள்ளத்தாக்கில் சோளக் கதிரும் திராட்சையும் நன்றாக முற்றும். தலைவலி வருகிறது என்று முணுமுணுத்துக்கொண்டேதான் அறுவடைக்குப் போவார்களாம்.