பிறந்த ஆண்டு மட்டும் போதாது

தலைவர்களைப் பற்றிய பாடம் என்றால் பிறந்த ஊர், பெற்றோர் பெயர், பெற்ற பட்டம், மறைந்த ஆண்டு என்றே நம் வகுப்பறைகள் பழகிவிட்டன. ‘கோடிட்ட இடத்தை நிரப்புக’ வினாவுக்கு இது போதும். அந்த மனிதர் எதை எதிர்த்து நின்றார் என்பது மட்டும் மாணவர்களுக்குத் தெரியாமலே போகிறது. பாடநூலில் யாரைச் சேர்ப்பது என்று மல்லுக்கட்டுபவர்கள்கூட, சேர்த்தபின் எப்படிச் சொல்லிக்கொடுக்கிறோம் என்று கேட்பதில்லை.

மகப்பேறு நிதியுதவித் திட்டத்தின் பெயராகவே பலருக்கும் அறிமுகமான டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, தேவதாசி மரபில் வந்த தாய்க்கு 1886இல் புதுக்கோட்டையில் பிறந்தவர். ஆண்கள் மட்டுமே படித்த மகாராஜா கல்லூரியில் அவரைச் சேர்க்க எதிர்ப்பு கிளம்பியது. மன்னர் தலையிட்ட பிறகே இடம் கிடைத்தது. 1912இல் மருத்துவப் பட்டம் பெற்றார். சென்னை மாகாண சட்டசபையின் துணைத்தலைவரானார். காந்தி கைதானதைக் கண்டித்து 1930இல் உறுப்பினர் பதவியைத் துறந்தார். தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த அவரது விடாமுயற்சியால், 1954இல் அடையாறு புற்றுநோய் நிலையம் உருவானது.

தேவதாசி முறையை ஒழிக்க அவர் போராடியபோது, அந்தச் சமூகத்துப் பெண்களில் ஒரு பிரிவினரே எதிர்த்தார்கள். சொத்துரிமையும் கலையும் கைவிட்டுப் போகும் என்பது அவர்களின் அச்சம். அவர்களில் ஒருவர் பெங்களூரு நாகரத்தினம்மாள். திருவையாற்றில் தியாகராஜர் சமாதிக்குத் தன் பொருளைச் செலவிட்டுக் கோயில் எழுப்பியவர். தேவதாசி முறைக்கு எதிரான சட்டம் 1947இல் நிறைவேறியது.

சின்னப் பிள்ளைகளுக்கு இந்தச் சர்ச்சையெல்லாம் எதற்கு என்று சிலர் கேட்கக்கூடும். ஒன்பதாம் வகுப்பு மாணவிக்கு இரு தரப்பு நியாயத்தையும் எடைபோடத் தெரியும். தப்பே செய்யாத, யாரோடும் முரண்படாத தலைவரைத்தான் அவளால் நம்ப முடியாது.

அறிவியல் பாடத்திலும் இதே குறைதான். தலச்சேரியில் 1897இல் பிறந்த ஜானகி அம்மாள், அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்று, கோவையில் கரும்பு இனக்கலப்பு ஆய்வில் ஈடுபட்டவர். எண்பது வயதைக் கடந்த பிறகும் கேரளத்தின் அமைதிப் பள்ளத்தாக்குக் காட்டைக் காக்கக் குரல்கொடுத்தார். மரபியல் பாடம் நடத்தும்போதே அவரது பணியையும் சொல்லலாமே?

மன்னர்களையும் விடுதலை வீரர்களையும் நீக்கச் சொல்லவில்லை. பாடச்சுமை கூடும் என்பதும் நியாயமான கவலைதான். ஆகவே ஒரு வகுப்புக்கு இரண்டு மூன்று ஆளுமைகளே போதும். அவர்களை விரிவாகப் படிக்கட்டும். அவர்களில் ஒருவர் அந்தந்த மாவட்டத்துக்காரராக இருக்கட்டும். வினாத்தாளும் மாற வேண்டும். ‘எந்த ஆண்டு பிறந்தார்?’ என்பதற்குப் பதிலாக, ‘அவரை எதிர்த்தவர்கள் என்ன வாதம் வைத்தார்கள்? நீ யார் பக்கம், ஏன்?’ என்று கேட்டு, அதற்கு ஐந்து மதிப்பெண் ஒதுக்க அரசுப் பொதுத்தேர்வே முன்வர வேண்டும்.