எட்டரை மணிக் கணக்கு



“நாளைக்கு மழை வருமான்னே சரியாச் சொல்ல முடியலை, முப்பது வருஷம் கழிச்சு வெயில் கூடும்னு மட்டும் எப்படிச் சொல்றாங்க?” என்று கேட்டிருக்கிறார் ராஜபாளையத்தில் மாந்தோப்பு வைத்திருக்கும் வாசகர் ஒருவர். கொஞ்சம் காரமான கேள்வி, ஆனால் நியாயமானது.

அவர் தோப்பையே எடுத்துக்கொள்வோம். மா பூத்து நிற்கும்போது ஒருநாள் மழை அடித்தால் பூ கொட்டிவிடும். அந்த ஒருநாளைத் தேடுவது வானிலைக்காரர் வேலை. இன்று நடும் சப்பட்டைக் கன்று பேரன் காலத்திலும் காய்க்குமா என்பது காலநிலைக்காரர் கேள்வி. முன்னவருக்கு இன்றைய காற்றும் ஈரமும் துல்லியமாக வேண்டும். அதில் துளி பிசகினாலும் இரண்டு வாரத்துக்குள் கணிப்பு கவிழ்ந்துவிடும். பின்னவருக்குத் தேதியே வேண்டாம். கடல் எவ்வளவு சூடேறியது, காற்றில் கரியமில வாயு எவ்வளவு கூடியது என்பதுதான் அவர் கணக்கு. அடுத்த ஆடிப்பெருக்கன்று ராஜபாளையத்தில் தூறுமா என்று எவராலும் சொல்ல முடியாது. ஆனால் தென்மேற்கு மழையில் பெரும்பங்கை மலைக்கு அந்தப்பக்கம் கேரளமே வாங்கிக்கொள்ளும், நமக்குக் காற்றும் சாரலும்தான், கண்மாய் நிறைய ஐப்பசி வரவேண்டும் என்பது இங்கே எல்லாருக்கும் தெரியும். (அந்த மழை மார்கழி வரை நீள்வதும் உண்டு. ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் பாவைப் பாட்டில் மழையைக் கூப்பிடுகிறாளே!)

2023 மார்கழி பிறந்த அன்று, டிசம்பர் 17-இல் தென்மாவட்டங்களில் மழை கொட்டியது. மறுநாள் காலைக் கணக்கில் காயல்பட்டினத்தில் மட்டும் 95 செ.மீ. ஓராண்டு மழையைவிட அதிகம்! அது வானிலை. இப்படிப்பட்ட நாள்கள் முன்பைவிட அடிக்கடி வருகின்றனவா என்று கேட்டால்தான் காலநிலை. அதற்குக் குறைந்தது 30 ஆண்டுப் பதிவு வேண்டும். உலக வானிலை அமைப்பு இப்போது வைத்திருக்கும் அளவுகோல் 1991 முதல் 2020 வரை.

பதிவு என்பது பெரிய மந்திரமில்லை. தினமும் காலை 8.30 மணிக்கு மழைமானியில் சேர்ந்த நீரை அளவுக் குவளையில் ஊற்றிப் பார்த்துக் குறிப்பார்கள். 2.5 மி.மீ. இருந்தால் அது மழைநாள். காலநிலைக்காரருக்கு எண்ணைவிட, நோட்டில் விடுபட்ட நாள்கள்தான் தலைவலி. மானிக்குப் பக்கத்தில் வேம்பு ஒன்று வளர்ந்து நின்றாலும் போச்சு. மழை குறைந்ததா, மரம் மறைத்ததா என்று பிரித்தறிய அவர் படும்பாடு தனி.

உங்கள் வீட்டுப் பரணில் தாத்தா எழுதிவைத்த மழைக் குறிப்பு இருந்தால் எங்களுக்குப் பிரதி அனுப்புங்கள். எந்த இடத்தில், எந்தப் பாத்திரத்தை வைத்து அளந்தார் என்பதையும் கேட்டு எழுதுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்