வாதம் இல்லை, வேலைக் காயம்

 

பெற்றோர் கூட்டத்துக்கு அம்மா ஏன் வரவில்லை என்று கேட்டால் பிள்ளைகள் சொல்லும் பதில் நம் ஆசிரியர்களுக்கு மனப்பாடம். "அம்மாவுக்கு முட்டி புடிச்சிக்கிச்சு சேர், படி ஏற ஏலாது." என்ன வருத்தம் என்றால் "வாதம்." அந்த அம்மாவுக்கு நாற்பது வயதுகூட ஆகியிருக்காது.

இந்தச் சொல்லை வைத்துத்தான் நம்மை ஏமாற்றுகிறார்கள். நாமும் ஏமாறுகிறோம்.

முழங்காலுக்குள் தொடை எலும்புக்கும் கீழ்க்கால் எலும்புக்கும் நடுவே பிறை வடிவில் இரண்டு குருத்தெலும்புகள் உள்ளன. அவற்றுக்கு மெனிஸ்கஸ் என்று பெயர். உடம்பின் பாரத்தைப் பங்கிட்டுத் தாங்குபவை அவை. பாதம் ஊன்றி, முட்டி மடங்கி இருக்கும்போது உடம்பு சட்டென்று திரும்பினால் அவை கிழியலாம். இதைப் பந்து விளையாடுகிறவர்களின் காயம் என்கிறார்கள். ஈரக் கொழுந்தைச் சுமந்துகொண்டு சரிவில் ஒரு காலை ஊன்றித் திரும்புவதும், மழையில் கான் தாண்டும்போது வழுக்குவதும் வேறு என்ன? விளையாட்டா?

எல்லா முட்டிவலியும் இதுவல்ல, தேய்மானமும் உண்டு. ஆனால் வழுக்கிய அன்றோ மறுநாளோ முட்டி வீங்கினால், உட்பக்கமோ வெளிப்பக்கமோ ஓர் இடத்தில் குத்தினால், நடக்கும்போது கால் விட்டுப்போனால் மெனிஸ்கஸைச் சந்தேகிக்க வேண்டும். மடக்கிய கால் நீட்ட முடியாமல் பூட்டிக்கொண்டால் ஒரு நாளும் தாமதிக்கக் கூடாது. எக்ஸ்ரேயில் எலும்புதான் தெரியும், மெனிஸ்கஸ் தெரியாது. "எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை" என்றால் காயமே இல்லை என்று அர்த்தமில்லை.

"ஒப்பரேஷன் செய்ய லட்சக்கணக்கில் வேண்டுமே" என்று பயந்து வீட்டில் இருப்பவர்களுக்கு ஒரு செய்தி. தேய்மானத்தால் கிழிந்த மெனிஸ்கஸை வெட்டி எடுப்பது, வெட்டுவதுபோல் பாவனை மட்டும் செய்ததைவிட மேலான பலன் தரவில்லை என்று 2013இல் பின்லாந்து மருத்துவர்கள் காட்டினார்கள். பலருக்கு முதல் மருந்து தொடைத் தசையைப் பலப்படுத்தும் பயிற்சியும் சில வார ஓய்வும்தான். அரசாங்க வைத்தியசாலையில் அதற்குக் காசு இல்லை.

ஆனால் அந்த ஓய்வு எங்கே? இரண்டு பெனடோலும் ஒரு தைலமும் கொடுத்து மறுநாளே மலைக்கு அனுப்புகிறார்கள். கிலோ குறைந்தால் அரைப்பேர். பள்ளிவாசலில் முட்டி மடக்க ஏலாதவருக்கு நாற்காலியில் உட்கார்ந்து தொழ இடமிருக்கிறது. இறைவன் தந்த சலுகையைத் தோட்ட நிர்வாகம் தரக் கூடாதா?

வேலை நேரத்தில், வேலையால் நேரும் விபத்துக் காயத்துக்கு முதலாளி பொறுப்பு என்று 1934ஆம் ஆண்டின் தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் சொல்கிறது. வழுக்கி விழுந்ததை "விபத்து" என்று எழுதினால் அது உரிமை. "வாதம்" என்று எழுதினால் அது விதி. அந்த ஒரு சொல்லால் லாபம் யாருக்கு என்று யோசியுங்கள். சம்பள மேடையில் முழங்கும் சங்கத் தலைவர்களும் இதற்குப் பதில் சொல்லட்டும்.

அதனால் நாளை யாராவது மலையில் வழுக்கினால் அன்றைக்கே கணக்கப்பிள்ளையிடம் சொல்லுங்கள். கூட வேலை செய்த இருவரைச் சாட்சி வையுங்கள். டிஸ்பென்சரித் துண்டில் திகதியும் விழுந்த இடமும் எழுதச் சொல்லுங்கள். எழுதத் தயங்கினால் பிள்ளையிடம் சொல்லி அனுப்புங்கள். கடிதம் எழுதித் தர நாம் இருக்கிறோம்.