பொன்னாடைக்காகவா, நன்றிக்காகவா?



2024-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தைக் கச்சிராயபாளையம் பகுதியில் வாழும் நாம் எளிதில் மறந்துவிட முடியாது. நாம் சந்தைக்கும் மருத்துவமனைக்கும் போய்வருகிற கள்ளக்குறிச்சியில், கருணாபுரம் என்னும் பகுதியில், மெத்தனால் கலந்த சாராயத்தைக் குடித்து 60-க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். பெண்களும் அவர்களில் இருந்தார்கள். தாயையும் தந்தையையும் ஒருசேரப் பறிகொடுத்த பிள்ளைகளும் உண்டு. அதற்கு ஓராண்டு முன்பு, 2023 மே மாதத்தில், மரக்காணம் அருகே எக்கியார்குப்பத்திலும் இதே துயரம் நடந்திருந்தது. கருணாபுரம் வழக்கை 2024 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் சி.பி.ஐ. விசாரணைக்கு மாற்றியது.

குற்றம் செய்தவர்கள் யார், கண்டும் காணாமல் இருந்தவர்கள் யார் என்பதை நீதிமன்றங்கள் முடிவு செய்யட்டும். ஆலயத்தில் பணிசெய்யும் நம்மை நோக்கி வரும் கேள்வி வேறு. சாவு வருவதற்கு முன்பு, குடியால் சிதைந்த ஒரு வீட்டின் வாசலில் நாம் எத்தனை முறை போய் நின்றிருக்கிறோம்?

பீடத்தைச் சுற்றி நிற்கும் நாம்

நம் பங்குகளில் பணிசெய்வோருக்குக் குறைவில்லை. விடியுமுன் வந்து ஆலயத்தைக் கூட்டும் தாய்மார்கள், பீடத்திற்குப் பூ வைப்பவர்கள், பாடகர் குழுவினர், வாசகம் வாசிப்போர், ஞாயிறு மறைக்கல்வி ஆசிரியர்கள், பீடச் சிறுவர்கள், மரியாயின் சேனையினர், அன்பியப் பொறுப்பாளர்கள் என்று பட்டியல் நீளும். பகலெல்லாம் கரும்பு வெட்டிய களைப்போடு வந்து, மாலைச் செபமாலைக்குப் பாய் விரிப்பவரும் உண்டு. இவர்களின் உழைப்பில்தான் திருச்சபை நடக்கிறது. திருத்தந்தை பிரான்சிஸ் 2021 மே மாதத்தில் மறைக்கல்வியாளர் பணியை நிலையான ஒரு திருப்பணியாகவே ஏற்படுத்தினார். 2025 யூபிலி ஆண்டில் மார்ச் 8, 9 ஆகிய நாள்கள் தன்னார்வப் பணியாளர்களுக்கென உரோமையில் கொண்டாடப்பட்டன.

ஆனால் நம் திருவிழாக் காலங்களைச் சற்று நினைத்துப் பார்ப்போம். அழைப்பிதழில் பெயர் விடுபட்டுவிட்டது என்பதற்காக, இருபது ஆண்டுகள் பாடியவர் பாடகர் குழுவை விட்டே விலகிவிடுகிறார். தேருக்கு முன்னால் யார் நிற்பது, முதல் பொன்னாடை யாருக்கு என்பதில் மனக்கசப்பு. அவர்களை மட்டும் குறைசொல்வது நியாயமாகாது. ஆண்டு முழுவதும் ஒரு சொல் பாராட்டாமல், திருவிழா அன்று ஒரு பொன்னாடையோடு நன்றியை முடித்துக்கொள்ளும் குருக்களாகிய நமக்கும் இதில் பங்கு உண்டு.

அடுத்தடுத்து வரும் இரண்டு பகுதிகள்

லூக்கா நற்செய்தி 17-ஆம் அதிகாரத்தில், வயலில் உழைத்துவிட்டு வந்தும் தலைவனுக்கு உணவு பரிமாறும் பணியாளரைப் பற்றி ஆண்டவர் பேசுகிறார். அந்தப் பணியாளர் நன்றியை எதிர்பார்ப்பதில்லை. செய்ய வேண்டியதைத்தான் செய்தேன் என்கிறார். இதை அடுத்து உடனே வருவது பத்துத் தொழுநோயாளரின் நிகழ்ச்சி. குணம் பெற்ற பத்துப் பேரில் ஒருவர் மட்டும், அதுவும் ஒரு சமாரியர், திரும்பிவந்து நன்றி செலுத்துகிறார். மூன்றாம் ஆண்டு வழிபாட்டில் பொதுக்காலம் 27, 28-ஆம் ஞாயிறுகளில் இவற்றைத் தனித்தனியாகக் கேட்பதால், இரண்டுக்கும் உள்ள உறவு நமக்குத் தப்பிவிடுகிறது. நன்றியைக் கேட்காத பணியாளரும், நன்றி சொல்லாமல் இருக்க முடியாத சமாரியரும் ஒரே மனிதராக வேண்டும். தான் பெற்றதை உணர்ந்தவருக்குத்தான் பொன்னாடை தேவைப்படாது. சீமோன் பேதுருவின் மாமியாரும் காய்ச்சல் நீங்கியவுடன் எழுந்து பணிவிடை செய்தார். பெற்ற நலமே பணிவிடையாக மாறியது.

கொடுப்பவரே பெறுகிறார்

இது மறையுரைக்கு மட்டும் உரிய கருத்து அன்று. 1935-ஆம் ஆண்டு அமெரிக்காவின் ஏக்ரன் நகரில், குடியை விட்டுச் சில மாதங்களே ஆன பில் வில்சன் என்பவர், தொழிலில் தோல்வி கண்டு மீண்டும் மதுவை நாடும் நிலைக்கு வந்தார். அப்போது அவர் தேடியது இன்னொரு குடிநோயாளியை. அப்படிச் சந்தித்தவர்தான் மருத்துவர் பாப் ஸ்மித். அவருக்கு உதவப் போன வில்சன் தாமே காப்பாற்றப்பட்டார். ஸ்மித்தும் குடியை விட்டார். இந்தச் சந்திப்பிலிருந்து ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் என்னும் இயக்கம் பிறந்து இன்று உலகெங்கும் பரவியிருக்கிறது. மீண்டவர் மற்றவரை மீட்கப் போக வேண்டும். அதுவே அவர் விழாமல் இருக்கும் வழி என்பது அதன் அடிப்படைப் பாடம்.

நம் பங்குகளில் இயங்கும் வின்சென்ட் தே பவுல் சபையின் வரலாறும் இதையே சொல்கிறது. பாரீசில் கல்லூரி மாணவராக இருந்த பிரடெரிக் ஓசானாமை நோக்கி, "உங்கள் திருச்சபை இன்று ஏழைகளுக்கு என்ன செய்கிறது?" என்னும் பொருளில் சிலர் ஏளனமாகக் கேட்டார்கள். 1833-இல், தமது 20-ஆம் வயதில், அவர் நண்பர்களோடு ஏழைகளின் வீடுகளைத் தேடிப் போனார். ஏழைக்கு உதவுவதோடு, அச்சந்திப்பில் உறுப்பினர் தாமே புனிதத்தில் வளர்வதும் இச்சபையின் நோக்கம். 1997-இல் திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் ஓசானாமை அருளாளராக உயர்த்தினார்.

அந்த ஏளனக் கேள்வி கருணாபுரத்திற்குப் பிறகு நம்மிடமும் கேட்கப்படுகிறது. பதில் சொல்லக்கூடியவர்களும் நம்மிடையே உண்டு. குடியால் கணவரை இழந்து, பல ஆண்டுகள் யாரிடமும் பேசாமல் கடைசி வரிசையில் அமர்ந்திருந்த ஒரு தாயை நாம் அறிவோம். ஆலயத்தைக் கூட்ட வந்தவர், பிறகு அன்பியத்தில் செபம் சொல்லக் கற்றுக்கொண்டார். இன்று அதே துன்பத்தில் இருக்கும் பெண்களின் வீட்டுக்கு யாரும் அனுப்பாமலே போகிறார். "எனக்கு ஒருத்தர் வந்து உட்கார்ந்திருந்தா நல்லாயிருந்திருக்கும் சாமி, அதான் போறேன்" என்றார். பணி ஒருவரை எப்படி வளர்க்கிறது என்பதை இதைவிட எளிதாகச் சொல்ல முடியுமா?

நாம் செய்யக்கூடியவை

அன்பியக் கூட்டங்களை வசதியான வீடுகளிலேயே நடத்தாமல், ஒதுங்கி நிற்கும் வீடுகளிலும் நடத்துவோம். ஆலயத்தில் பொறுப்பு வகிக்கும் ஒவ்வொருவரும் மாதம் ஒருமுறை அத்தகைய ஒரு வீட்டைச் சந்திப்போம். அறிவுரை சொல்ல வேண்டாம், கேட்டால் போதும். குடிநோயிலிருந்து மீள விரும்புவோர் கூடிப்பேச நம் பங்கு அரங்குகளைத் திறந்து வைப்போம்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். முழு நேரமும் உழைக்கும் உபதேசியாருக்கும் ஆலயப் பணியாளருக்கும் நியாயமான ஊதியம் தராமல், அதைத் தியாகம் என்று அழைப்பது சரியாகாது. மனமுவந்து கொடுப்பது தன்னார்வப் பணி. கேட்க முடியாமல் இழப்பது அநீதி.

அன்பார்ந்தவர்களே! வரும் ஞாயிறு பீடத்தருகே நம் பணியைத் தொடங்குமுன் ஒரு நிமிடம் நின்று, "ஆண்டவரே, எதிலிருந்து என்னை மீட்டீர்?" என்று கேட்போம். அதற்குக் கிடைக்கும் பதிலே, எந்த வீட்டின் வாசலுக்கு நாம் போக வேண்டும் என்பதையும் காட்டும். நன்றியுள்ள நெஞ்சோடு அந்த வாசலில் போய் நிற்க இறைவன் நமக்கு அருள்புரிவாராக. ஆமென்.