பாடல் வாழ்கிறது, பாடியவர் எங்கே?



என் பாட்டனார் பிழைப்புத் தேடிக் கடல் கடந்து குடியேறிய ஊர், நடு அந்தமானிலுள்ள ரங்கத். சென்னையிலிருந்து கடலடியில் வந்த இழைவடம் 2020 ஆகஸ்டில் அவ்வூரையும் எட்டியது. உலகத்து இசையெல்லாம் இனி எங்கள் வாசலில் என்று மகிழ்ந்தேன். வந்தவை எவை? எங்கும் ஒலிக்கும் அதே திரைப்பாடல்கள்! கேட்டதையே கேட்பவனுக்குக் கைப்பேசியும் கேட்டதையே தருகிறது.

தேடினேன், கிடைத்தது. இலங்கைத் தமிழரின் பொப் இசையில் பிறந்த 'சின்ன மாமியே' பாடலை முணுமுணுக்காதார் யார்? அதைப் பாடிய நித்தி கனகரத்தினத்தை அறிந்தார் எத்தனை பேர்? 'சுராங்கனி' புகழ் ஏ. இ. மனோகரன் 2018 சனவரியில் மறைந்தார். அதே திங்களில்தான் சென்னையில், கானாவையும் பறையையும் இணைத்துச் சாதியைச் சாடும் 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' குழு முதன்முதல் மேடையேறிற்று. முன்னவர்களை மறந்து வருகிறோம். பின்னவர்களை முழுதாகக் கேட்டோமா?

திரைப்பாடல் வேண்டாம் என்பதல்ல என் வாதம். அதைக் காக்கப் படமுண்டு, நடிகருண்டு, வானொலியுண்டு. தனித்து நிற்கும் பாடலுக்கோ கேட்பவனே காவலன். எங்கள் ஊர்ப் பொங்கல் விழாவில் சொந்தமாகப் பாட்டுக் கட்டிப் பாடிய இளைஞர் குழுவொன்று, பதிவு ஏதுமின்றிக் கலைந்தது. மெட்டு என் நெஞ்சில் நிற்கிறது, சொற்கள் போயின. யாரைக் கேட்பேன்?

ஆகவே ஒரு வேண்டுகோள். நம் சங்கக் கூட்டந்தோறும் கால்மணி நேரம் ஒதுக்குவோம். மறந்ததோ புதியதோ, ஆளுக்கொரு பாடல் கொண்டு வருவோம். முதலில் பாடியவர் பெயரைச் சொல்வோம், பிறகு கேட்போம். பெயரைக் காத்தால் பாடல் அனாதையாகாது!