தடை இல்லை, வழக்கம் உண்டு

இங்கிலாந்தின் சசெக்ஸ் கிராமப்புறத்தில், லூயிஸ் நகருக்குப் பக்கத்தில், கிளைண்ட்போர்ன் என்றொரு நிலக்கிழார் மாளிகை இருக்கிறது. அதன் உரிமையாளர் ஜான் கிறிஸ்டி தன் நிலத்திலேயே ஓபரா அரங்கு கட்டி, 1934இல் விழா தொடங்கினார். ஓபரா என்றால் பாடியே நடிக்கும் இசை நாடகம். இன்றும் கோடைதோறும் விழா நடக்கிறது. லண்டன் விக்டோரியா நிலையத்தில் கறுப்புக் கோட்டும் நீண்ட கவுனுமாக மதியமே ரயில் ஏறுகிறார்கள். நாடகத்தின் நடுவே சுமார் ஒன்றரை மணி நேர இடைவேளை. புல்வெளியில் விரிப்பு விரித்து, ஷாம்பெயினோடு விருந்து.

அழகான நாள்தான். யாருக்கு என்பதே நம் கேள்வி.

‘யாரையும் தடுக்கவில்லையே’ என்பார்கள். உண்மைதான். உடைக்குக் கட்டாய விதி இல்லை, வழக்கம்தான் இருக்கிறது. இளைஞர்களுக்குச் சலுகைச் சீட்டும் உண்டு. ஆனால் வேலைநாள் மதியத்தில் கூலியை இழக்காமல் கிளம்ப யாரால் முடியும்? என்ன உடுத்துவது, எப்போது கைதட்டுவது என்று யார் வீட்டில் சொல்லித் தந்திருப்பார்கள்? பிரெஞ்சு சமூகவியலாளர் பியர் பூர்தியூ இதைத்தான் பண்பாட்டு மூலதனம் என்றார். சொத்தைப் போலவே ரசனையும் பரம்பரையாகக் கைமாறுகிறது. பிறகு அதற்குத் ‘தகுதி’ என்று பெயர் வைக்கிறார்கள். இந்தச் சொல் நமக்குப் புதிதா? வர்க்கமும் சாதியும் ஒன்றல்ல. ஆனால் இரட்டைக் குவளையையும் ‘ஊர் வழக்கம்’ என்றுதானே சொன்னார்கள்?

அங்கே முதலில் மேடையேறியது மொசார்ட்டின் ‘ஃபிகரோவின் திருமணம்’. பணிப்பெண்ணை அடையத் துடிக்கும் பிரபுவை, வேலைக்காரர்களும் அவன் மனைவியும் சேர்ந்து தலைகுனிய வைக்கும் கதை. மொசார்ட்டே 1781இல் வியன்னாவில், தன் எஜமானரான பேராயர் கொலரெடோவின் பணியாட்களோடும் சமையல்காரர்களோடும் சாப்பிட உட்கார வைக்கப்பட்டவர். கடைசியில் பேராயரின் அதிகாரி அவரை உதைத்து வெளியேற்றினார். 1786இல் இந்த ஓபரா வந்தது. எஜமானரின் பந்தியில் இடம் கிடைக்காதவரின் இசைதான், இன்று நிலக்கிழாரின் புல்வெளி விருந்துக்கு முன்னும் பின்னும் ஒலிக்கிறது.

பணத்தையும் பாருங்கள். கோடை விழா அரசு மானியத்தை நம்பி நடப்பதில்லை. சீட்டு விற்பனையும் புரவலர்களின் நன்கொடையும் அதற்குப் போதும். மற்ற ஊர்களுக்கு ஓபராவைக் கொண்டு போனது 1968இல் தொடங்கிய சுற்றுப்பயணம்தான். அதற்குத்தான் அரசுப் பணம் தேவைப்பட்டது. 2022 நவம்பரில் இங்கிலாந்தின் கலை மன்றம் மானியத்தைப் பாதியாக வெட்டியது. 2023 சுற்றுப்பயணம் ரத்தானது. லிவர்பூலும் நார்விச்சும் இழந்தன. புல்வெளி விருந்து வழக்கம்போல் நடந்தது.

தோழர்களே, இசையை அவர்களிடமே விட்டுவிட வேண்டியதில்லை. மொசார்ட் நமக்கும் உரியவர். ஆனால் எந்தக் கலைவிழாவுக்குப் போனாலும் மூன்று கேள்விகளைக் கேட்போம். எந்த நேரத்தில் நடத்துகிறார்கள்? உட்கார்ந்து சாப்பிடுவது யார், பரிமாறுவது யார்? பணம் குறைந்தால் முதலில் எதை நிறுத்துவார்கள்? ‘கலை எல்லோருக்கும் பொது’ என்று மேடையில் முழங்குகிறவர் இந்த மூன்றுக்கும் பதில் சொல்லட்டும்.