உயர்திணையா, அஃறிணையா?

2010-இல் வந்த 'எந்திரன்' திரைப்படத்தில் பொறிக்கு உணர்வூட்டுகின்றனர். பொறி எப்போது மாந்தனாகும் என்று வியந்தோம். மாந்தன் எப்போது பொறியாகிறான் என்பதன்றோ நாம் வினவ வேண்டியது!

கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டைக்குச் செல்லுங்கள். 'உலைக்கு ஆள் வந்ததா?' என்னும் குரல் கேட்கும். 'வந்தாரா' அன்று, 'வந்ததா'!

2023 ஏப்பிரல் 21-இல், நாளொன்றுக்கு 12 மணிநேரம் வேலைவாங்க வழிதிறக்கும் சட்டமுன்வரைவு தமிழகச் சட்டமன்றத்தில் நிறைவேறிற்று. கிழமைக்கு 48 மணிநேரம் என்னும் அளவு மாறாது என்றனர். பொறிக்கு அக்கணக்குப் போதும். பதினொரு மணிநேரம் இரும்புலைமுன் வெந்த உடலுக்குப் பன்னிரண்டாம் மணி வெறுங் கணக்கா? எதிர்ப்பு மூண்டது, மே நாளன்று முன்வரைவைத் திரும்பப் பெறுவதாக முதலமைச்சர் அறிவித்தார்.

முன்வரைவு போயிற்று, அதனை ஈன்ற எண்ணம் போயிற்றா?

மக்களென்று கருதிச் சுட்டப்படுவோரையே தொல்காப்பியர் உயர்திணை என்றார். ஆறாம் அறிவுக்கு மனத்தை வைத்தவரும் அவரே. ஆகவே, திணை சுட்டப்படுவான் உடலில் மட்டுமில்லை. சுட்டுவான் உள்ளத்திலும் உள்ளது. உழைப்பவனை 'அது' என்பவன் தன் ஆறாம் அறிவையே இழக்கிறான்.

தோழனே! 'வந்ததா' என்போரிடம் 'வந்தாரா என்று கேளுங்கள்' எனத் திருத்துக. அஃது இலக்கணத் திருத்தம் மட்டுமன்று, அறத்தின் திருத்தம்!